கிளாஹாமர் பழக டீரிங் குட்டைம் பாஞ்சோ: வாங்கலாம், ஆனால் பிரிட்ஜைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

முதலில் ஒன்று: கொழும்புக் கடையில் வெறுமனே பாஞ்சோ என்று கேட்டால், விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங்கை எடுத்துக் காட்டினாலும் காட்டுவார்கள். இந்தியாவில் அதற்கும் அதே பெயர்தான். ஐந்து கம்பி, அதில் ஐந்தாவதன் முறுக்காணி கழுத்தின் நடுவே ஐந்தாம் கட்டையடியில் (கட்டை என்பது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி, ஃபிரெட்) இருக்கும் வாத்தியம் வேண்டும் என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் செய்யப்படும் டீரிங் குட்டைமில் பின்பக்கம் திறந்த மாதிரியே கிளாஹாமருக்கு, அதாவது விரல்களை மடக்கி நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்து வாசிக்கும் முறைக்கு, ஏற்றது. மேப்பிள் வளையம் 11 அங்குலம், எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. பின்மூடி உள்ளது பாரமும் கூட, சத்தமும் கூட. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரவில் பழகுபவருக்குத் திறந்த மாதிரியில் இன்னொரு வசதி: தோலுக்கும் உள்ளே குறுக்கே போகும் தண்டுக்கும் இடையில் பழைய ரீசேட் ஒன்றைத் திணித்தால் சத்தம் நன்றாக அடங்கும்.

தோல் என்பது மைலார் என்ற பிளாஸ்டிக் தாள்தான். ஈரத்தைக் குடிக்காது. ஆட்டுத்தோல் போட்ட பழைய வாத்தியமென்றால் மழைக்காலத்தில் தளர்ந்து, பிரிட்ஜ் (தோலின் மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) அமிழ்ந்து, கம்பி கட்டையில் உரசும்.

பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பயணத்தில் நகர்ந்தே வரும். கட்டைகள் 26¼ அங்குலக் கம்பி நீளத்துக்குக் கணக்கிடப்பட்டவை. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் பட்டை) 12ஆம் கட்டை வரை 13⅛ அங்குலம், அங்கிருந்து பிரிட்ஜுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. பிறகு காதால் பாருங்கள். 12ஆம் கட்டைக்கு நேர்மேலே விரலை மெல்லத் தொட்டு மீட்டும் ஸ்வரமும் அதே கட்டையில் அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது கூடினால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ளுங்கள், குறைந்தால் கழுத்துப்பக்கம். கம்பிகளைச் சற்றுத் தளர்த்தாமல் தள்ளினால் பிரிட்ஜ் சரிந்து விழும்.

குறையென்று சொல்வதானால், கழுத்தின் முடிவில் குழிவு இல்லை. 22 கட்டைகளும் தோல்வரை ஓடுகின்றன. கழுத்தின் மேலே அடித்து அந்த மொத்தலான நாதத்தை எடுக்க விரும்புகிறவருக்குக் கட்டைவிரல் இறங்க இடம் போதாது. தொடக்கக்காரர் கழுத்து முடிந்தவுடன் தோலின் மேல் அடித்தால் போதும்.

ஜி சுருதி (ஐந்தாவதிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி) வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை மடக்கி, ஆட்காட்டி விரல் நகத்தின் மேற்பக்கத்தால் ஒரு கம்பியைக் கீழ்நோக்கி அடிக்கவும்: ஒரு மாத்திரை. அடுத்த அரை மாத்திரையில் மேலும் சில கம்பிகளைச் சேர்த்து வருடவும். அதே இறக்கத்தில் கட்டைவிரல் ஐந்தாம் கம்பியில் வந்து அமர வேண்டும். கை மேலெழும்போது அதுவே அக்கம்பியைச் சுண்டும், மீதி அரை மாத்திரை அது. பலருக்குத் தாளம் குலைவது, விரல் கணுவிலிருந்து சுண்டுவதால். விரல் அசையக்கூடாது, கைதான் இறங்க வேண்டும். நகம் விரல்நுனியை ஓரிரு மில்லிமீற்றர் தாண்டினால் போதும். நீண்டால் கம்பியில் மாட்டும்.

கடலோரத்து உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்துணியால் துடையுங்கள். பாஞ்சோக் கம்பி கிடைக்கவில்லையென்றால் எலெக்ட்ரிக் கிற்றார்க் கம்பிப் பொதி இரண்டு வாங்கலாம், 9இல் தொடங்குவது ஒன்று, 10இல் தொடங்குவது ஒன்று (எண்கள் கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில்). முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் 9 அல்லது 10, இரண்டாவதுக்கு 11, மூன்றாவதுக்கு 13, நாலாவதுக்குச் சுற்றுக்கம்பி 24. நாலாவது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், பழுதில்லை. நுனியிலுள்ள பித்தளை உருண்டையைக் குறடால் நெரித்து எடுத்துவிட்டால் மிஞ்சும் வளையம் வால்கொக்கியில் மாட்டும்.