கழுத்துப்பட்டியைக் கழற்ற வைத்த இயன்மருத்துவ நிலையம்

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், வீதியைக் கடந்த மாடுகளுக்காக நிறுத்தியிருந்த எங்கள் வானின் பின்புறத்தில் மற்றொரு வாகனம் மோதியது. அன்று எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில்தான் பிடரி இறுகித் தலையைத் திருப்ப இயலாமற் போனது. பின்னாலிருந்து இடிபடும்போது உடல் முன்னே தள்ளப்பட, தலை ஒரு கணம் பின்தங்கிப் பின்னர் முன்னோக்கி வீசப்படுவதால் கழுத்தின் தசைகளும் இணைப்பு நார்களும் இழுபடுகின்றன என்பதும், அந்த நோவு பல மணித்தியாலங்கள் கழித்தே தலைகாட்டக்கூடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்றார்கள். நோவெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னவர்களும் உண்டு. நான் மருந்துக்கடையில் பஞ்சு வைத்த கழுத்துப்பட்டி ஒன்றை வாங்கி, பத்து நாட்கள் இரவு பகலாக அணிந்திருந்தேன். அணிந்திருக்கையில் சுகமாகத்தான் இருந்தது; கழற்றியபோதோ கழுத்து முன்னிலும் இறுகிக் கிடந்தது.

அதன் பிறகே கிளிநொச்சி நகரிலுள்ள இந்த இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்துக்குச் சென்றேன். இயன்மருத்துவர் கழுத்தைத் தொடுவதற்கு முன், கை விறைக்கிறதா, பிடி தளர்கிறதா, நடை தடுமாறுகிறதா, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் தம்மிடம் வராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றார். இத்தகைய கழுத்துக் காயங்களை ஆராய்ந்த கனடாவின் கியூபெக் பணிக்குழு 1995இல் வகுத்த தரப்படுத்தலில் என்னுடையது இரண்டாம் தரம், அதாவது நோவோடு அசைவுக் குறைவும் தொட்டால் வலியும் இருக்கும், நரம்புப் பாதிப்பு இராது என்று விளக்கினார். பட்டியைப் படிப்படியாகக் கைவிடச் செய்தார். நாடியை (மோவாயை) மெல்ல உள்ளிழுப்பது, தலையை இரு பக்கமும் ஆறுதலாகத் திருப்புவது, தோட்பட்டைகளைப் பின்னே சேர்ப்பது ஆகியவற்றைப் பகலில் பல தடவை சிறிது சிறிதாகச் செய்யப் பழக்கினார். பயிற்சியின்போது நோவு சற்றுக் கூடினால் அஞ்ச வேண்டியதில்லை; அது நீடித்தாலோ கைக்குள் இறங்கினாலோ குறைத்துக்கொள்ள வேண்டும். நோவுக்குப் பரசிற்றமோல், படுக்க ஒரே தலையணை, தேவைப்பட்டால் இளஞ்சூட்டு ஒத்தடம்.

நான் மிகவும் மதிப்பது, அவர் என் தொழிலை விசாரித்ததைத்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் எனக்கு, பயிருக்கு மருந்தடிக்கும் தாங்கியை எப்போது மீண்டும் முதுகில் ஏற்றலாம், கிறவல் வீதியில் எவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று கிழமைக்குக் கிழமை அளந்து சொன்னார். கமக்காரரிடம் "ஓய்வெடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சையாகாது. ஏழாவது கிழமை, தோளோடு சேர்ந்து திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்த்தேன். நெடுநேரம் குனிந்து களை பிடுங்கிய அன்று மட்டும் மாலையில் இன்னும் உளைவு எடுக்கிறது.

குறைகள் இரண்டு உண்டு. காத்திருக்கும் வாங்குகளுக்குச் சாய்மானம் இல்லை. கழுத்து நோவோடு ஒட்டுசுட்டானிலிருந்து பேருந்தில் வந்த ஒரு அம்மா, சுவரோரம் நின்றபடியே தம் முறைக்குக் காத்திருந்தார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித் தாளும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு என் மகள் வாசித்துச் சொன்னாள். அந்த அம்மா தமக்குத் தந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.