நைட்ரஜன் கடைசியில எங்க போகுது? பயோஃபில்டரா, பயோஃப்ளாக்கா, டீநைட்ரிஃபிகேஷனா

மீன் வளர்க்குற தொட்டில அமோனியா சீரோ வந்துடுச்சுன்னு நிம்மதியா இருக்கறவங்க அதே தண்ணில நைட்ரேட்டையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நைட்ரஜன் எங்கயும் போயிருக்காது, பேரு மட்டும் மாறியிருக்கும். 32% புரோட்டீன் தீவனம் 1 கிலோல சுமார் 51 கிராம் நைட்ரஜன் இருக்கு, மீன் உடம்புல சேர்றது அதுல கால்வாசி, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு, மிச்சத்துல பெரும்பகுதி செவுள் வழியா அமோனியாவா தண்ணிக்கே திரும்பி வந்துடும்.

பயோஃபில்டர்ங்கறது பாக்டீரியா ஒட்டி வளர்ற வடிகட்டி, அது பண்றது அந்த அமோனியாவ நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குறது, அவ்ளோதான். 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜனும் 7.14 கிராம் அல்கலினிட்டியும் (பிஹெச் இறங்காம தாங்கிப் பிடிக்கிற காரத்தன்மை) தின்னுடும். ஒரு நாளைக்கு 30 கிராம் அமோனியா நைட்ரஜன் வருதுன்னா 214 கிராம் அல்கலினிட்டி காலி, சோடா உப்பு போடாம விட்டா பிஹெச் இறங்கி பாக்டீரியாவே வேலைய நிறுத்திடும். செட் ஆகவும் 4-6 வாரம் ஆகும், நடுவுல நைட்ரைட் ஏறும்போது மீனோட செவுள் பழுப்பாகும், அப்ப உப்பு போட்டா அந்த குளோரைடு காப்பாத்தும்.

பயோஃப்ளாக், அதாவது தொட்டித் தண்ணிலயே பாக்டீரியாவ திரள் திரளா வளர்க்குற முறை, வேகமானது. மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) போட்டு கார்பன்-நைட்ரஜன் விகிதத்த 10-லருந்து 20-க்குள்ள வெச்சா பாக்டீரியா அமோனியாவ நேரா தன் உடம்பாக்கிக்கும், திலாப்பியாவும் வனாமி இறாலும் அதையே மேஞ்சுக்கும். ஆனா 1 கிராம் நைட்ரஜனுக்கு சுமார் 8 கிராம் கசடு சேரும், பயோஃபில்டர்ல அது 0.2 கிராம்தான். இம்ஹாஃப் கோன்ல (கசடை அளக்குற, அளவு போட்ட கூம்புக் குடுவை) 1 லிட்டர் தொட்டித் தண்ணி ஊத்தி அரைமணி நேரம் வெச்சுப் பாருங்க, திலாப்பியா தொட்டின்னா அடில 25-50 மில்லி படிஞ்சா சரி, அதுக்கு மேல போனா கசடை எடுத்தே ஆகணும், இல்லன்னா அழுகி திரும்ப அமோனியாதான். கரண்ட் போனா இதுலதான் ஆக்சிஜன் சட்டுனு விழும், ஜெனரேட்டர் இல்லாதவங்க தயவுசெஞ்சு இறங்காதீங்க.

நைட்ரஜன நிஜமாவே காத்துல அனுப்புறது டீநைட்ரிஃபிகேஷன்தான், அதுல பாக்டீரியா நைட்ரேட்ட நைட்ரஜன் வாயுவாக்கிடும், போன அல்கலினிட்டில பாதியும் திரும்ப வரும். இது நடக்குற தொட்டில ஆக்சிஜன் இருக்கக்கூடாது, கார்பன் வேணும். கார்பன் பத்தலன்னா பாதில நைட்ரைட்டா நின்னுடும், நைட்ரேட் சுத்தமா தீந்துட்டா அழுகுன முட்டை நாத்தம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். அமோனியாவையும் நைட்ரைட்டையும் சேத்து நேரா நைட்ரஜன் வாயுவாக்குற அனமாக்ஸ் பாக்டீரியாவும் இருக்கு, ஆனா அது ரெட்டிப்பாகவே பத்து நாளுக்கு மேல எடுத்துக்கும், சின்ன பண்ணைக்கு அது வேண்டாம்.

என்னைக் கேட்டா, கழிவுத்தண்ணி ஓடைக்குப் போற பண்ணைன்னா பயோஃபில்டரோட சின்னதா ஒரு டீநைட்ரிஃபிகேஷன் தொட்டியும் கண்டிப்பா வேணும், கார்பனுக்கு தனியா எதுவும் வாங்காம அடில படியுற மீன் கசடையே அதுல விடலாம்.