ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு: பயணி எந்த அவையில் அமரலாம்?

‘தேநீர்ச் சடங்கு’ என்ற ஒரே பெயரில் ஜப்பானில் பயணிகளுக்குக் கிடைப்பவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்பவை. அவற்றைக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவதைவிட, தேநீர் விருந்தினரின் கண்முன்னே அவருக்காகவே கலக்கப்படுகிறதா என்று கேட்டு ஒப்பிடுவதே பொருத்தமாகும். ஏனெனில் கலங்களைத் துணியால் துடைப்பது, வெந்நீரை மொள்வது, மாட்சா எனும் பச்சைத் தேயிலைப் பொடியை மூங்கில் மத்தால் கடைவது என வரிசை பிசகாமல் நடக்கும் ‘தெமாயே’தான் சடங்கின் உயிர், பானம் அதன் முடிவில் வருவது மட்டுமே.

இந்த அளவுகோலில் பூங்காத் தேநீர் இல்லங்கள் கடைசியில் நிற்கின்றன. டோக்கியோவின் ஹமரிக்யூ தோட்டத்தில், கடல்நீர் ஏறி இறங்கும் குளத்தின் நடுவே உள்ள இல்லம் முதலில் 1707இல் எழுப்பப்பட்டது. இன்றிருப்பது 1983இல் மீண்டும் கட்டப்பட்டது. காட்சி அருமையானது, செலவும் குறைவு. ஆனால் கிண்ணம் உள்ளறையிலிருந்து தயாராகவே வந்துவிடும். இனிப்பை முதலில் உண்டு முடித்துவிட்டுத் தேநீரைப் பருகும் முறையை மட்டும் அங்கே பழகிக்கொள்ளலாம்.

கியோட்டோவின் கியோன், ஹிகாஷியாமா பகுதிகளில் நடக்கும் ஒரு மணி நேர அமர்வுகளே பயணிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை. ஆங்கில விளக்கத்துடன் ஒருமுறை தெமாயேயைக் காட்டிவிட்டு, அடுத்த கிண்ணத்தை விருந்தினரையே கடையச் சொல்வது இவற்றின் வழக்கம். வீட்டுக்காரர் கலந்து தர விருந்தினர் பெற்றுக்கொள்வதே இந்த மரபின் அடிப்படை என்பதால், தானே கடைந்து தானே குடிப்பதைச் சடங்கு என்பதைவிடப் பயிற்சி வகுப்பு என்பதே சரி. ஆயினும் மனத்தில் எழும் எதையும் கூச்சமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கிமோனோ வாடகையும் சேர்ந்த திட்டங்களில், உடுத்துவதிலும் படமெடுப்பதிலும் நேரம் கரைந்துவிடுகிறது. ஓர் அமர்வில் எத்தனை பேர் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது: நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ள மரபான அறை, பக்கத்துக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் கொண்ட சதுரம்தான்.

முதல்முறை செல்பவருக்கு என் தேர்வு, கியோட்டோவுக்கு அருகிலுள்ள உஜி நகரம். பியோதோயின் கோயிலுக்கு அருகே, ஆற்றங்கரையில், உஜி நகராட்சி நடத்தும் தைஹோஆன் என்ற தேநீர் இல்லத்தில், முறையாகக் கற்றவர்கள் ஆரவாரமின்றித் தெமாயே செய்து தருகிறார்கள். பாயறையோடு மேசை நாற்காலி அமர்வும் அங்கு உண்டு. நாற்காலியில் அமர்வது ஏதோ பயணிகளுக்காக மரபை வளைத்தது என்று தயங்க வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் கியோட்டோ கண்காட்சியையொட்டி, உராசென்கே எனும் தேநீர் மரபின் 11ஆம் தலைவர் கென்கென்சாய் வெளிநாட்டு விருந்தினரை மனத்தில் கொண்டு வகுத்த ‘ர்யூரெய்’ முறை அது. மண்டியிட்டுக் குதிகால்மேல் நெடுநேரம் அமர முடியாதவருக்கு அதுவே ஏற்றது.

கோயில்களில் நடக்கும் பெரிய தேநீர்க் கூட்டங்களில் முதல் சில விருந்தினருக்கே கண்முன்னே தேநீர் கலக்கப்படும். மற்றவர்களுக்கு உள்ளிருந்து வரும். கியோட்டோவின் கென்னின்ஜி கோயிலில் ஏப்ரல் 20 அன்று நடப்பது இதற்கு விலக்கு. பொடியிட்ட கிண்ணத்தை விருந்தினர் ஏந்தியிருக்க, துறவி நின்றபடியே வெந்நீர் ஊற்றிக் கடைந்து தருவார். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) செம்மைப்படுத்திய முறைக்கும் முந்தைய, ஜென் பௌத்த மடங்களின் வழக்கம் இது.

‘சாஜி’ எனப்படும் முழு விருந்து சுமார் நான்கு மணி நேரம் நீளும். கரி அடுக்கி நெருப்பு மூட்டுதல், தேநீருக்கு முன் பரிமாறும் கைசெகி உணவு, இனிப்பு, தோட்டத்தில் இடைவேளை, ஒரே கிண்ணத்திலிருந்து முறைவைத்துப் பருகும் கெட்டித் தேநீர், இறுதியில் தனித்தனிக் கிண்ணத்தில் நீர்த்த தேநீர் என எல்லாம் இங்குதான் ஒருங்கே கிடைக்கின்றன. மற்ற வழிகளில் பயணி காண்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டுமே. ஆனால் முறை தெரியாத ஒருவர் தடுமாறினால் அவை முழுவதும் காத்திருக்க நேரும். சைவ உணவினருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு: கைசெகியின் சாறு வழக்கமாகக் காய்ந்த சூரை மீனில் இறக்கப்படுவதால், அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும். உஜியில் ஓரிரு முறை அமர்ந்த பிறகு இதை நாடலாம்.

எந்த அவையானாலும் மோதிரமும் கைக்கடிகாரமும் கலங்களில் கீறல் விழச் செய்யலாம் என்பதால் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். வாசனைத் திரவியம் கூடாது. வெள்ளைக் காலுறை ஒன்று கையில் இருக்கட்டும். முதல் இருக்கையில் அமர்பவர் எல்லோர் சார்பிலும் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், கடைசி இருக்கையில் அமர்பவர் கலங்களைத் திருப்பித் தர உதவ வேண்டும். ஆகவே புதியவர் நடுவில் அமர்ந்து, தமக்கு முன்னிருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்வதே நல்லது.