ஓராண்டு விலங்கியல் ஆய்வு: ஆமையா, ஈயா?

முதுகலைக்குப் பிந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2022-இல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு கொண்டுவந்த நான்காண்டுப் பட்டத்தில், முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் கடைசி ஆண்டை ஆய்வோடு முடிக்கலாம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஓர் ஆய்வுக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட்தான் வழி. எதில் சேர்ந்தாலும் முதல் குழப்பம் ஒன்றே: களமா, ஆய்வகமா?

களத்துக்குப் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்னும் கடலாமையை எடுத்துக்கொள்வோம். மணலின் வெப்பம் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பொரிக்கும். சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் கூடும். முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகக் குழிகளில் வெப்பமானி புதைத்து அளந்தாலே நல்ல கேள்வி கைக்கு வந்துவிடும். சிக்கல் நாள்காட்டியில். கல்லூரி ஜூன், ஜூலையில் திறக்கும். சென்னைக் கரைக்கு ஆமை ஜனவரி வாக்கில்தான் ஏறும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள். மார்ச் கடைசியில் இட்ட முட்டை பொரிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளே வந்துவிடும். போதாததற்கு, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரி இது. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடவே முடியாது. அந்தக் கோப்பு நம் அவசரத்துக்கு நகராது.

ஆய்வகத்தில் வளர்க்கும் பழ ஈ அப்படியில்லை. 25 டிகிரியில் முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். ஒரு சோதனை கெட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி தொடங்கலாம். தீவனமும் ரவை, வெல்லம், அகர் என்று மலிவுதான். ஆனால் சொகுசு என்று நினைக்க வேண்டாம். ஈக்களை இணைசேர்த்துப் பார்க்கும் கலப்புச் சோதனைக்கு வேண்டிய, இன்னும் இணைசேராத கன்னி ஈக்களை, அவை வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். மயக்கிய ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் தூரிகையால் தள்ளித் தள்ளி ஆண், பெண் பார்க்கும் வேலைக்கு ஞாயிறும் தீபாவளியும் கிடையாது. வெல்ல வாடை சட்டையில் ஒட்டிக்கொள்வது தனிக்கதை.

ஏற்கெனவே திரட்டிய பறவைக் கணக்கெடுப்புத் தரவை அலசுவது மூன்றாவது வழி. புள்ளியியல் பிடித்தவர்களுக்குச் சரிவரும். விலங்கைத் தொட்டுப் பார்க்க வந்தவர்களுக்கு அலுத்துவிடும்.

கையில் ஒரே ஆண்டுதான் என்றால் என் ஓட்டு ஈக்கே. விதிவிலக்கு ஒன்று உண்டு: வழிகாட்டியிடம் நடப்பு அனுமதிக் கடிதமும் முந்தைய ஆமைப் பருவங்களின் அளவீடுகளும் இருந்தால், தயங்காமல் கடற்கரைக்குப் போகலாம். தலைப்பைப் பேசுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தில் எந்த மாதம்வரை போட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.