பூமியதிர்ச்சிக்குக் கட்டிய பையை மாரிவெள்ளத்தில் வைத்துப் பார்த்தபோது

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், கொழும்பிலுள்ள இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 18,500 ரூபாய் கொடுத்து அவசரகாலப் பை ஒன்றை வரவழைத்தேன். யப்பானிய வீடுகளில் வாசற்கதவருகே வைத்திருக்கும் பையின் மாதிரியில் அமைந்தது அது. கையால் சுழற்றி மின்னேற்றும் வானொலியும் டோர்ச்சும் சேர்ந்த கருவி, மடிக்கத்தக்க தலைக்கவசம், தடித்த கையுறை, தூசி மறைக்கும் முகக்கவசம், விசில், அலுமினியப் போர்வை, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்று, ஐந்து வருடம் கெடாத பிஸ்கட், கழிவைக் கெட்டியாக்கும் தூளுடன் கூடிய கழிப்பறைப் பைகள் ஆகியவை உள்ளே இருந்தன. மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் குடியிருக்கும் எங்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஒரு மாரிகாலம் முழுவதும் வீட்டில் வைத்துப் பார்த்த பின்னரே எழுதுகிறேன்.

தையலிலும் பொருட்களின் தரத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொரு பொருளும் எந்த ஆபத்தை மனதில் வைத்துத் தெரிவு செய்யப்பட்டது என்பதும் எளிதில் விளங்குகிறது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரம் அதிர்ந்தபோது இறந்த 6,400 க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் தங்கள் வீடுகளின் இடிபாடுகளுக்குள்ளேயே அகப்பட்டு இறந்தார்கள். யப்பானில் இன்று இயங்கும் முன்னெச்சரிக்கை முறையும் அதிர்வு வந்து சேர்வதற்குச் சில செக்கன்கள் முன்னதாகத்தான் சொல்ல முடியும். அப்படிப்பட்ட நாட்டில், சுவருக்கடியில் கிடப்பவர் தான் உயிரோடிருப்பதை வெளியே தெரிவிக்க விசிலும், உடைந்த கண்ணாடியை அகற்றக் கையுறையும் தேவைப்படுகின்றன. பையைத் திறந்து காட்டியபோது பக்கத்து வீட்டு மாமி விசிலைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துக்குள்ள நிண்டு இத ஊதினா ஆரு மனே வாறது?" என்று கேட்டார். என் முதற் குறையும் ஏறக்குறைய அதுவே.

எங்கள் வெள்ளம் சொல்லிவிட்டு வருவது. மேற்கே உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி முதலில் வரும். பிறகு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் தாழ்ந்த ஊர்கள் நனையும். வாவி நிரம்பிய பின்னர், முகத்துவாரத்து மணற்திட்டை வெட்டிவிடும் வரை நீர் வடியாமல் நிற்கும். ஓடித் தப்புவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் வந்த நீர் பல நாட்கள் போகாது என்பதால், நீருக்குள் இருந்தபடியே காலம் தள்ள உதவுவனவே இங்கு முதலில் வேண்டியவை. இதைச் சோதிக்க, காணி உறுதியின் நகலொன்றைப் பைக்குள் வைத்து, பையைக் கிணற்றடித் தொட்டியில் அரைமணி நேரம் போட்டு வைத்தேன். வெளியே எடுத்தபோது ஸிப் ஓரமாக நீர் உள்ளே இறங்கி, நகல் நாலாக மடித்த மடிப்பிலேயே கிழிந்து வந்தது. நொத்தாரிசின் முத்திரை ஊதா நிறக் கறையாகப் பரவியிருந்தது. விற்பனையாளரிடம் முறையிட்டதற்கு, மழைத்தூறலைத் தாங்கும் என்றுதான் சொன்னோம், நீரில் அமிழ்த்தலாம் என்று சொல்லவில்லை என்று பதில் வந்தது. கிணறு வெள்ளத்தில் மூழ்கினால் குடிநீருக்குப் போடக் குளோரின் வில்லையோ, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்க ஜீவனிப் பக்கற்றோ பையில் இல்லை. கழிப்பறைப் பைகள் மட்டும், மலசலகூடக் குழி நிரம்பிவிட்ட வீட்டில், அந்த விலைக்கு ஈடானவை.

வெள்ளத்தில் பை எதுவும் தடுக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மூடி ஓடிய நீரைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். வீட்டுக்குள் ஏறும் நீரை விட, வீதியைக் குறுக்கே அறுத்தோடும் நீரே ஆளைக் கொல்லும் என்பதைப் பையோடு வந்த கைநூல் எங்கும் குறிப்பிடவில்லை.

நான் சிரித்துக்கொண்டே ஒதுக்கி வைத்த தலைக்கவசத்தைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியவர் என் தந்தையார். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் 900 க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த இரவில், கூரைத் தகரங்கள் காற்றில் வெட்டுக்கத்தி போலப் பறந்ததையும், தென்னைகள் வரிசையாக முறிந்து விழுந்ததையும் கண்டவர் அவர். கோபேக்காக வைத்த கவசம் இங்கு புயலுக்குப் பொருந்துகிறது. வானொலியும் அப்படியே: மின்சாரம் நின்ற இரவொன்றில் இரண்டு நிமிடம் சுழற்றியதற்கு ஏழு நிமிடம் செய்தி கேட்க முடிந்தது. தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்கு அதை நம்ப வேண்டாம்; பதினைந்து நிமிடம் சுழற்றிக் கை வலித்ததுதான் மிச்சம், ஏறியது மூன்று வீதம்.

கடல் வரும்போது இந்தப் பையைத் தொடவே கூடாது. 2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின்னரே எங்கள் கரைக்கு அலை வந்தது. அந்நேரத்தில் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை இல்லாததால் ஒருவருக்கும் செய்தி எட்டவில்லை. நாட்டிலேயே அதிகமாக, 10,000 க்கும் மேற்பட்டோரை அம்பாறை மாவட்டம் இழந்தது. மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மெல்லிய மணற்கீற்றாகக் கிடக்கும் நாவலடியில் ஓடுவதற்குத் திசையே இருக்கவில்லை. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை எடுக்க வீட்டுக்குள் திரும்புவது அன்று உயிரை விலையாகக் கேட்டிருக்கும்; எனவே சுனாமிக்கென்று இதை வாங்க நினைப்பவர்கள் அப்பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

மலையகத்து உறவினர்களுக்கு வாங்கி அனுப்பலாமா என்று நண்பரொருவர் கேட்டார். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில், மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன விதத்தைப் பார்த்தால், அங்கு வேண்டியது சரிவை விட்டு முன்கூட்டியே வெளியேறுவதுதான். வங்காளதேசமும் இதையே காட்டுகிறது: 1970 ஆம் ஆண்டுப் புயலில் மூன்று இலட்சம் பேராவது இறந்த அக்கரையில், 2007 ஆம் ஆண்டின் சிட்ர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். இடைப்பட்ட காலத்தில் அங்கு கட்டப்பட்டவை புயற் காப்பகங்கள். ஏற்படுத்தப்பட்டது ஊரூராகச் சென்று எச்சரிக்கும் தொண்டர் அணி.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். வானொலி, தலைக்கவசம், கழிப்பறைப் பைகள் ஆகிய மூன்றையும் தனியே வாங்க முடிந்தால் பாதி விலையில் முடியும். என் வீட்டில் அவை இப்போது இறுக்கமான மூடியுள்ள இருபது லீற்றர் பிளாஸ்டிக் வாளியொன்றுக்குள், உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், தந்தையாரின் பிரஷர் மாத்திரைகள், ஜீவனிப் பக்கற்றுகள் ஆகியவற்றோடு அலுமாரியின் மேற்தட்டில் இருக்கின்றன. வாளி மூடியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை மையால் எழுதி வைத்திருக்கிறேன். விசிலை மகள் தன் பள்ளிக்கூடப் பையில் கட்டிக்கொண்டாள்.