ஒவ்வொரு சொல்லாகவா, முதல் நாளே கலந்தா?

காது டெஸ்ட்டெல்லாம் முடிந்து, கேட்பதில் குறையில்லை என்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, சொல்லைக் கேட்டுச் சரியான பொருளை எடுக்கக் கற்றுக்கொடுப்பதில் இரண்டு கட்சி உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் லோவாஸ் என்ற உளவியலாளர் நடத்திய பயிற்சியிலிருந்து பரவிய பழைய வழியில், மேஜையில் பந்தை மட்டும் வைத்து "பந்து", "பந்து" என்றே கேட்பார்கள். அது படிந்ததும் சீப்பு, அப்புறம்தான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பது. அடுத்த கட்சி முதல் நாளே பந்து, சீப்பு, கரண்டி மூன்றையும் பரப்பிவிடும்.

முதல் வழியில் எல்லோருக்கும் மனசு குளிரும். பத்துக்குப் பத்து, டீச்சர் நோட்டில் வரிசையாக டிக். ஆனால் மேஜையில் ஒரே பொருள் இருக்கும்போது நீங்கள் "சட்னி" என்று சொன்னாலும் பந்துதான் கைக்கு வரும், குழந்தை காதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, போன தடவை எதற்குப் பாராட்டு கிடைத்ததோ அதையே எடுக்கிற பழக்கம்தான் ஊறிப்போகும். சீப்பைக் கலந்ததும் எல்லாம் குழம்பிவிடும்.

2011-ல் லாரா க்ரோவும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கலந்து சொல்லிக்கொடுத்ததுதான் சீக்கிரம் பலன் தந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளை வைத்துச் செய்ததுதான், ஆனாலும் என் ஓட்டு கலப்புக்கே.

அதிலும் தொல்லை இருக்கிறது. ஆரம்பத்தில் தப்பாக எடுத்து எடுத்துக் குழந்தை சலித்துப்போகும். அதனால் கேட்ட கையோடு சரியான பொருளைச் சுட்டிக்காட்டிவிட்டு, அந்த உதவியை மெல்லக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொருள்களை இடம் மாற்றி வையுங்கள். "கரண்டி" என்று சொல்லும்போது உங்கள் கண் கரண்டிப் பக்கம் போகக்கூடாது, போனால் குழந்தை அதைத்தான் படிக்கும். கல்-கால், புலி-புளி மாதிரி ஜோடிகள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் (நம்மில் எத்தனை பேர் புலியையும் புளியையும் வித்தியாசமாகச் சொல்கிறோம்?).

கலந்தும் நகரவில்லையா, சொற்களைக் கொஞ்ச நாள் ஓரம் வையுங்கள். மூடிய டப்பாக்களில் அரிசி, சில்லறை என்று போட்டு, நீங்கள் ஒன்றைக் குலுக்க, அதே சத்தம் வருகிற டப்பாவைக் குழந்தை தேடி எடுக்கட்டும். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை என்றால் சில்லறைக்குப் பதில் மெல்லிசாகச் சத்தம் போடுகிற எதையாவது போடுங்கள். டப்பாக்கள் வெளியே ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்கூடக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.