அம்பாசிடர் மார்க் 2: சாவிப் பூட்டு மாற்றி மூன்று வருஷம்

கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் மார்க் 2 அம்பாசிடர் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா) வாங்கிய வண்டி. வருஷத்தில் பாதி நாள் வீடே பூட்டிக் கிடக்கும், வண்டியும் அதோடு சும்மா நிற்கும். நான் பார்த்த நாளிலிருந்து அதன் இக்னிஷன் சாவி தொளதொளப்புதான். ஓடும்போதே சாவியை உருவிக் கையில் எடுத்துவிடலாம், இன்ஜின் நிற்காது. அப்பச்சி அதைப் பெருமையாகவே சொல்வார்கள்: "பழகின வண்டிடா, சாவி இல்லாட்டியும் ஓடும்."

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்த சமயம் ஒருநாள் பிள்ளையார்பட்டி போனோம். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டு மட்டும் ஆன் நிலையிலேயே நின்றுவிட்டது, எனக்குத் தெரியவில்லை. தரிசனம் முடித்துத் திரும்ப இரண்டு மணி நேரம். வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலில் கை வைக்க முடியாத சூடு. இன்ஜின் நிற்கும்போது பிளாட்டினம் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுச் சேர்க்கும் தொடுபுள்ளி) மூடிய நிலையில் இருந்துவிட்டால், காயில் வழியாகச் சுமார் 4 ஆம்பியர் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலும் வேகும், பாட்டரியும் இறங்கும். காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் வேறு காயில் போட்டுக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "குத்தம் காயில்ல இல்ல தம்பி, சாவில."

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். திருட்டுப் பயத்தால் இல்லை, ஆஃப் என்றால் ஆஃப் ஆகவேண்டும் என்பதற்காக.

முதலில் ஒரு விஷயம். நாம் சாவி விடும் பேரல் வேறு, அதன் பின்னால் மின்சாரத்தைச் சேர்க்கும் சுவிட்ச் வேறு. சாவி நுழையவோ திரும்பவோ மறுத்தாலும், ஆன் நிலையிலேயே உருவி வந்தாலும் கோளாறு பேரலில். சாவி திரும்பிய பிறகு, லேசாக ஆட்டும்போது இக்னிஷன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் சுவிட்சில். எங்களுடையதில் சுவிட்ச் நன்றாகவே இருந்தது. இருந்தும் எல்லாரும் "முழு செட்டா மாத்திடுங்க" என்றார்கள். நான் கேட்கவில்லை, கேட்காதது நல்லதாகப் போயிற்று. பழைய சுவிட்சின் பித்தளைத் தொடுபுள்ளிகள் இன்றைக்கும் உறுதி.

கழற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பாட்டரியின் எர்த் ஒயரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் இருக்கும் லூகாஸ் கம்பெனி முறை ஒயரிங்கில் பிரவுன் ஒயர் பாட்டரியிலிருந்து நேராக வருவது, நடுவில் ஃபியூஸ் கிடையாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்பேனர் அதில் பட்டு பாடியையும் தொட்டால் ஒயர் முழுக்கக் கருகிவிடும். வெள்ளை ஒயர் இக்னிஷனுக்குப் போவது. நிறம் மங்கிப்போன இடத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன், படமும் எடுத்துக்கொண்டேன். பிறகு சுவிட்சை வெளியே இழுத்து, சாவியைச் சற்றே திருப்பிப் பிடித்தால், அதன் உடம்பில் இருக்கும் சின்ன ஓட்டைக்கு நேராக ஒரு ஸ்ப்ரிங் பின் வந்து நிற்கும். மெல்லிய கம்பியால் அதை அழுத்தினால் பேரல் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆனது, பின் துருப்பிடித்துப் போயிருந்ததால்.

வெளியே வந்த பேரலைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. யாரோ வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி அதில் குழைந்து அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. உள்ளே பித்தளைத் தகடுகள் பாதி தேய்ந்திருந்தன, மீதி மேலெழும்ப வழியில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சாவியை எடுத்தால் தகடுகள் எழும்பிப் பூட்டைப் பிடிக்க வேண்டும். அவை எழும்பாததால்தான் ஆன் நிலையிலும் சாவி உருவி வந்தது.

இதற்கு மாற்றாக முதலில் போட்டது ஒரு டூப்ளிகேட் பேரல். அதை வாங்கச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன். சாவி மிருதுவான உலோகம், எட்டாவது மாதம் கழுத்தில் முறுக்கிக்கொண்டது. அதன்பின் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினேன். வீட்டுப் பூட்டும் பெட்டிச் சாவியும் கூடை கூடையாக இருந்தன, காருக்கு உரியது கிடைக்கவில்லை. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில், பயன்படுத்தாத பழைய சரக்கு ஒன்று அகப்பட்டது. முகப்பில் எண் பொறித்த பேரல், ஆனால் சாவி இல்லை. பார்த்து நகலெடுக்கச் சாவி இல்லாததால், எண்ணை வைத்தே சாவி அறுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தேன்.

கதவுக்கும் அதே சாவி வேலை செய்யட்டும் என்று, வலது கதவுப் பூட்டைக் கழற்றித் தகடுகளை வரிசை மாற்றிப் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு தகடுக்கும் அடியில் கடுகளவு ஸ்ப்ரிங். வீட்டுப் பட்டாலையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. அந்தப் பூவேலையின்மேல் ஒரு ஸ்ப்ரிங் துள்ளி விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. இரண்டாவது ஸ்ப்ரிங் தொலைந்ததும் ஆத்தா வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, "இதுல வச்சுப் பாருப்பா" என்றார்கள். அதற்கப்புறம் ஒன்றும் தொலையவில்லை.

இப்போது மூன்று வருஷம். மாதம் இரண்டு மூன்று தடவை ஓடுகிறது, குன்றக்குடி, திருப்பத்தூர், கல்யாண வீடுகள். ஆன் நிலையில் சாவி ஒருதடவைகூட வெளியே வரவில்லை, காயிலும் அதே காயில்தான். குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் சாவி நுழைய இறுக்கமாகிறது. அப்போது எண்ணெய் விடாமல் கிராஃபைட் பொடி மட்டும் ஒரு சிட்டிகை, சாவியை நாலைந்து தடவை விட்டெடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, கொத்துச் சாவியில் அதைக் கோக்கவே கூடாது. எங்கள் செட்டிநாட்டு வீட்டுச் சாவிகள் நல்ல கனம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கனம் முழுக்கப் பேரலின் வாயில்தான் தொங்கும். தனி வளையத்தில் ஒற்றைச் சாவி, வீட்டில் மாற்றுச் சாவி ஒன்று, அவ்வளவுதான்.

அப்பச்சி ஓட்டும்போது இன்னும் பழக்கதோஷத்தில் சாவியை உருவப் பார்ப்பார்கள். வராது. "இறுக்கமா இருக்கேடா" என்பார்கள்.

இடது கதவுப் பூட்டு மட்டும் பழசுதான். அதற்கான தகடுகளை எடுத்து வைத்திருக்கிறேன், தை மாதம் போகும்போது வெள்ளைத் துண்டோடு உட்கார வேண்டும்.